செத்த மாட்டுக்கு நாம், உயிருள்ள மாட்டுக்கு யார்?

மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பகுதிக் குடியிருப்புகளில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். நீட்டில் மதிப்பெண் போதாமல் வீட்டில் முடங்கிப்போன ஒரு தங்கையிடம் கால்நடை மருத்துவம் படிக்கலாமே என்றோம். அவர் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்த மாடு தூக்குனது போதும்னுதானே ஊரை விட்டு வந்தோம்? மறுபடி மாட்டுக்கிட்டயே புள்ளைய அனுப்பச் சொல்றீங்களே!"

பாட்டியின் கோபம் நியாயமானது. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதைச் சாதி நம் தலையில் கட்டியது. அதை விட்டொழிக்கச் சொல்லி 1927இல் மகாடில் அம்பேத்கர் அழைத்தார். 2016இல் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள்.

அதே மாடு உயிரோடிருக்கும்போது வைத்தியம் பார்க்கும் படிப்பு யாருக்குக் கிடைத்தது? சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவிடாத காலத்தில் நம்மில் எத்தனை பேருக்கு அது எட்டியிருக்கும்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். அலபாமா மாநிலக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆபர்னில் இருந்தது. கறுப்பின மாணவர்களுக்கு அங்கே இடமில்லை. சுமார் 30 கி.மீ. தள்ளி டஸ்கிகீயில், கால்நடை மருத்துவரான பிரெடரிக் பேட்டர்சன் 1945இல் தனிப் பள்ளியே தொடங்கினார். அந்நாட்டின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் அங்கே படித்தவர்கள்.

அவர்கள் தனியே கட்டினார்கள். நாம் பொதுக் கல்லூரியில் பங்கு கேட்டோம். மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 2 என்று நமக்குத் தந்த வகுப்புவாரி அரசாணையை, 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) வந்தது.

போராடிப் பெற்ற அந்த இடங்கள் இருப்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான். பட்டியல் சாதியினருக்கு 18%, அதற்குள் அருந்ததியருக்கு 3%. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% தனி.

பாட்டியிடம் மறுபடி உட்கார்ந்து பேசினோம். "அப்போ நாங்க கூப்பிட்டா போகணும். இவ போனா டாக்டருன்னு கூப்பிடுவாங்களா?" என்று கேட்டார். கூப்பிடுவார்கள் என்றோம். பேத்தி விண்ணப்பம் போட்டுவிட்டார்.

தோழர்களே, நீட்டோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். இந்த ஆண்டு விண்ணப்பக் கடைசித் தேதிக்குள் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.