பிள்ளையின் கணினிக்குத் தமிழ்த் துபாஷி

உங்கள் பிள்ளை கணினிக்கு நிரல் எழுதப் பழக ஆசைப்படுகிறது. ஆங்கிலக் கட்டளைகளைக் கண்டால் மட்டும் மிரள்கிறது. அப்படியானால் 'எழில்' உங்கள் வீட்டுக்குத்தான்.

அந்நாளில் துரை சொன்னதைக் கிராணி ஐயா தமிழில் எடுத்துச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? நாம் எழுதும் நிரலை வாசித்துக் கணினிக்குச் சொல்லவும் அப்படியொரு துபாஷி வேண்டும். முத்தையா அண்ணாமலை 2007-இல் உருவாக்கிய எழில், தமிழ்ச் சொற்களையே ஏற்கிறது. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் காட்டும். நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை'. பாட்டிக்கே புரியும்!

எழில் 'பைதான்' என்ற மொழியின்மேல் கட்டப்பட்டது. ஆகவே முதலில் பைதானை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். காசு கேட்டால் அது வேறிடம். விண்டோஸ் கணினியில் ஏற்றும்போது, முதல் திரையின் அடியில் 'பாத்' என்று முடியும் சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட மறக்காதீர்கள். பலர் இடறுவது இங்கேதான். மறந்தால், பிறகு எதைத் தட்டினாலும் 'அப்படி ஒன்று இல்லையே' என்று கணினி கைவிரிக்கும். அடுத்து, கட்டளைத் திரையில் 'பிப் இன்ஸ்டால் எழில்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இதற்கு இணையம் வேண்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். 1972-இல் இண்டெல் வந்திறங்கிய நம் பினாங்கு பாயான் லெப்பாசில் வேலைக்குப் போனால் எழில் தெரியுமா என்று கேட்கமாட்டார்கள், பைதானைத்தான் கேட்பார்கள். பயம் தெளிந்ததும் பிள்ளையை அதற்கு மாற்றிவிடுங்கள். புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம். பைதான்தான் முதலிலேயே கணினிக்குள் வந்துவிட்டதே!