‘இதுவரை’யை விடாதீங்க!



‘அன்சர்பாஸ்ட்’ என்று ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. பெரிய சாதனைகளுக்குப் போடுவார்கள். இதற்கு ‘யாராலும் மிஞ்ச முடியாத’ என்றுதான் நம்மில் பலர் பொருள் எழுதுகிறோம். அது சரியில்லை என்பது என் கருத்து. ‘சர்பாஸ்’ என்றால் மிஞ்சுதல். ‘அன்சர்பாஸ்ட்’ என்றால் ‘இதுவரை யாரும் மிஞ்சாத’. அவ்வளவுதான். ‘மிஞ்ச முடியாத’ என்பதற்கு ‘அன்சர்பாஸபிள்’ என்று தனிச்சொல்லே இருக்கு.

நம்ம கொல்லிமலை ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த வில்திறமைக்கு இந்தச் சொல் பொருந்தும். இலங்கை மலையகத் தமிழர் முத்தையா முரளிதரன் டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்து 2010இல் ஓய்வு பெற்றார். இன்னும் யாரும் அதைத் தாண்டலை. அதற்கும் பொருந்தும்.

ஆனால் ‘முடியாது’ன்னு மட்டும் எழுதிடக் கூடாது. 1985இல் காஸ்பரோவ் 22 வயதில் எல்லோரும் ஏற்ற ஒரே உலக சதுரங்கச் சாம்பியன் ஆனார். அதைவிடக் குறைந்த வயதில் யாரும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை என்ற நிலை 39 வருஷம் நீடித்தது. 2024 டிசம்பரில் நம்ம சென்னை குகேஷ் 18 வயதிலேயே ஜெயிச்சுட்டார்!

இந்தத் தப்பு இங்கிலீஷ் பாடத்தோட நின்னா பரவாயில்லை. வீட்டிலும் நடக்குது. “நம்ம ஊர்ப் பொண்ணு யாரும் காலேஜ் போனதில்லை” என்கிறார்கள். அது உண்மையாவே இருக்கட்டும். உடனே, “அதெல்லாம் நம்மால முடியாது, பத்தாவதோட போதும்” என்றும் சொல்லிடறாங்க. முதலாவது நடந்த கணக்கு. இரண்டாவது வெறும் ஜோசியம்!

பக்கத்துப் பச்சைமலையைப் பாருங்க. அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு பெண், 2024இல் ஜே.இ.இ. தேர்வு எழுதி திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். அவங்களும் நம்மைப் போல மலைவாழ் குடும்பத்துப் பெண்தான். அங்கேயும் அதுவரைக்கும் ‘போனதில்லை’ன்னுதான் இருந்திருக்கும்.

அதனால் தோழிகளே, பரீட்சையில் இந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதும்போது ‘இதுவரை’ என்ற வார்த்தையை விட்டுடாதீங்க. வீட்டில் மேல்படிப்பு பற்றிப் பேச்சு வரும்போதும் விட்டுடாதீங்க.



– 9ஆம் வகுப்பு மாணவி