வராதவரின் பாத்திரத்தைச் சாகடிக்காதீர்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடும் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஆட்டத்துக்கு வர முடியாதவரின் பாத்திரத்தை அவர் இல்லாத நேரத்தில் சாகவிடாதீர்கள்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவுசெய்யும். ஒரே கதை மாதக்கணக்கில் ஓடும். எல்லா வாரமும் எல்லாரும் வருவது எந்த ஊரிலும் சிரமம். தொழிலாளர் ஊரான எங்கள் மாத்தூரில் நடக்கவே நடக்காது.

எங்கள் மேசைக்கு வருபவர்கள் மணலி ஆலைகளிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் வேலை பார்ப்பவர்கள். ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ரிலீவர் வராவிட்டால் பிளான்ட்டை விட்டு நகர முடியாது. பராமரிப்புக்கு ஷட்டவுன் எடுத்தால் ஞாயிறும் வேலைதான். எண்ணூர் விரைவுச்சாலையில் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் எப்போது வீடு சேருவார்கள் என்று சொல்ல முடியாது. இவர்கள் அக்கறையில்லாமல் வராமல் இருப்பவர்கள் அல்லர்.

அப்படி ஒரு தம்பி ஓ.டி.யில் மாட்டிக்கொண்ட ஞாயிறு அது. அவருடைய பாத்திரம் மருதன் என்ற வைத்தியன். கதையில் பூட்டிய பெட்டி ஒன்று வந்தது. "அவன்தான் வரலியே, மருதன தொறக்கச் சொல்லு" என்றார் ஒருவர். நான் வேண்டாம் என்றேன், எடுபடவில்லை. பெட்டிக்குள் இருந்த விஷ ஊசி பாய்ந்து மருதன் செத்தான். அடுத்த வாரம் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்த தம்பி, தன் பாத்திரத்தின் விவரத் தாளைப் பார்த்தார். "நான் இருந்திருந்தா அத தொட்டே இருக்க மாட்டேன்ணா" என்றார். மூலிகைப் பட்டியலும் மருதன் காப்பாற்றியவர்களின் பெயர்களும் பென்சிலில், அவர் கையெழுத்தில், அந்தத் தாளில் இருந்தன.

"ஆபத்து எல்லாருக்கும் பொதுதானே, வராதவருக்கு மட்டும் என்ன சலுகை?" என்று கேட்பார்கள். தானே துணிந்து இறங்கினால்தான் அந்த ஆபத்து நியாயமானது. கிரிக்கெட்டில் மாற்று ஃபீல்டர் பந்தைத் தடுக்கலாம், கேட்ச் பிடிக்கலாம். பேட் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை. இங்கேயும் அந்த எல்லை வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. பென் ராபின்ஸ் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' ஆட்டத்தில் நிலையான நாளும் இல்லை, நிலையான குழுவும் இல்லை. வர முடிந்தவர்களின் பாத்திரங்கள் கதையில் வரும் ஊரிலிருந்து கிளம்பி, ஆட்டம் முடியுமுன் அந்த ஊருக்கே திரும்பிவிடும். வராதவரின் பாத்திரம் பத்திரமாக ஊரில் இருக்கும். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை.

தொடர்கதைதான் வேண்டும் என்பவர்கள் முதல் நாளே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். வராதவரின் பாத்திரம் முகாமில் காவல் இருக்கட்டும். சண்டைக்கு அவசியம் தேவைப்பட்டால், அவர் முன்கூட்டியே சம்மதித்ததை மட்டும் இன்னொருவர் செய்யட்டும். அவருடைய உயிர், உடைமை, கொடுத்த வாக்கு மூன்றையும் யாரும் தொடக் கூடாது. மற்றவர்கள் லெவல் ஏறும்போது அவரும் ஏறட்டும். சம்பளத்துக்காகப் போனவரிடம் அபராதம் வசூலித்தால், இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அவர் வருவதையே நிறுத்திவிடுவார். வேலைக்குப் போனவர் திரும்பி வரும்போது அவர் இடம் அவருக்கு இருக்க வேண்டும். தொழிலாளர் ஊரில் ஆடும் ஆட்டத்துக்கு இதுவே முதல் விதி.