பாதி என்றொரு மனிதர் இல்லை

அண்மையில் நீர்வேலியில் ஊர்க்கோயிலொன்றின் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். பல்லாண்டுகளின் பின் ஊர் திரும்பிய ஒருவர், தம் யப்பானிய மனைவியோடும் பத்து வயது மகளோடும் கோயில் வீதியில் நின்றார். பாவாடை சட்டை அணிந்து நெற்றியில் நீறு பூசியிருந்த அச்சிறுமியின் தலையை அன்போடு தடவிய முதியவரொருவர், அருகில் நின்றாரிடம், “பிள்ளை பாதிதானே எங்கட ஆள்” என்றார். பகைமை சிறிதுமற்ற சொல்தான். எனினும், அதனை விளங்கிக்கொள்ளுமளவுக்கு அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. தந்தையின் கையைப் பற்றி, “அப்பா, எந்தப் பாதி?” என்று கேட்டாள். அவ்வினாவுக்கு விடையிறுக்கவேண்டியவர் அத்தந்தையல்லர், நாமே.

அவளுடைய தாயின் நாட்டிலும் இதே பெயர்தான் அவளுக்குக் காத்திருக்கிறது. கலப்பு மணத்திற் பிறந்தோரை யப்பானியர் ‘ஹாபு’ என்பர். அரை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. 2015இல் அந்நாட்டின் அழகுராணியாகத் தெரிவான அரியானா மியமோட்டோ, தந்தை கறுப்பின அமெரிக்கர் என்பதனால், “இவரும் யப்பானியரா?” என்ற ஏச்சுக்கு ஆளானார். 2016இல் தெரிவான பிரியங்கா யொஷிக்காவாவின் தந்தை இந்தியர். அவரும் அவ்வேச்சுக்குத் தப்பவில்லை. ஆயின், ஹெயிற்றி நாட்டுத் தந்தைக்குப் பிறந்த நவோமி ஒசாக்கா டென்னிஸில் உலகை வென்றபின், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் சுடரை ஏற்றும் பெருமை அவருக்கு அளிக்கப்பட்டது. வென்றவர் முழுமை, வெல்லாதவர் பாதி! இதுவோ நீதி?

சட்டமும் இவ்வாறே கணக்குப் பார்த்தது. 1985க்கு முன்னர் யப்பானியச் சட்டம் மணவழிப் பிறந்த பிள்ளைக்குத் தந்தைவழியாலேயே குடியுரிமை வழங்கியது. இதனால், ஒக்கினாவாவில் அமெரிக்கப் படைவீரருக்கும் யப்பானியப் பெண்களுக்கும் பிறந்தோரிற் சிலர் நாடற்றவராயினர். யப்பானைப் பார்த்து நகைக்க நமக்குத் தகுதியில்லை. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் தந்தைவழியையே பற்றி நின்றது. தாயும் அவ்வுரிமையைச் சமமாக வழங்கலாமென்பது 2003இலேதான் ஏற்கப்பட்டது. அதே சட்டமே, “உன் தந்தை எங்கே பிறந்தான்?” என வினாவி, இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. அவ்வினாவின் கொடுமையை மேடைதோறும் எடுத்துரைத்த நாம், அதனையே நம்மூர்க் கோயில் வீதியில் ஒரு குழந்தையிடம் கேட்கலாமா?

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை யாருடையவர் என்கிறோம்? 1877இற் கொழும்பிற் பிறந்த அவரின் தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி. தாய் ஆங்கிலேயப் பெண்மணி எலிசபெத் பீபி. இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். 1917 முதல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிற் பணிபுரிந்து, 1947இல் அமெரிக்காவிலேயே மறைந்தார். நடராசர் திருக்கூத்தின் பொருளை மேலைநாட்டார்க்கு விளக்கிய அவரைப் ‘பாதித் தமிழர்’ என நாம் சொல்வதில்லையே! புகழோடு மறைந்தவரை முழுமையாக உரிமை கொண்டாடுகிறோம். புகழின்றி வாழும் பிள்ளையைப் பாதியாக்குகிறோம். யப்பானியர் ஒசாக்காவுக்குச் செய்ததற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

“கலப்பினால் மொழியும் பண்பாடும் அழியாவோ?” என்பார் உளர். அவ்வச்சம் எனக்கும் உண்டு. ஆனால், மொழி குருதியில் ஓடுவதன்று. நீர்வேலிச் சங்கர பண்டிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழிலும் வடமொழியிலும் பெற்ற புலமை கற்றதனால் வந்தது, பிறந்ததனால் வந்ததன்று. தாயும் தந்தையும் தமிழராயிருந்தும் தமிழ் எழுத்தறியாத பிள்ளைகள் புலம்பெயர்ந்த நாடுகளில் எத்துணைப் பேர்! மொழியை அழிப்பது கற்பியாமையே. உண்மையில் இத்தூய்மைப் பேச்சு மொழிப்பற்றிற் பிறந்ததன்று. குலம் பார்த்துப் பழகிய கண்ணே இன்று குருதியையும் அளக்கின்றது.

நீர்வேலிக்குப் பெயர் தந்தது வாழை. நாம் கறிக்குக் கொள்ளும் மொந்தன், இரு காட்டினங்களின் கலப்பால் வந்ததென்பது தாவரவியலார் கண்ட உண்மை. அதனைப் பாதி வாழையென்று எந்தத் தோட்டக்காரரும் ஒதுக்குவதில்லை. நீர் இறைக்கின்றார், அது குலை தள்ளுகின்றது. கற்றறிந்த நாம் அவருக்குத் தெரிந்ததை மறக்கலாமா? ‘பாதி’ என்னும் சொல்லை முதலில் நம் நாவிலிருந்து அகற்றுவோம். அச்சிறுமி மீண்டும் வரும்போது அவளிடம் நாம் கேட்கத்தக்க வினா ஒன்றே: “பிள்ளை, எப்ப வந்தனீங்கள்?”