பித்தளைக் குழல் ஊதினால் மானம் போகுமா?



நம் தமிழ்ப்பள்ளியில் பேண்டு வாத்தியக் குழு அமைக்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது பேச்செடுத்தால் போதும், நாலு குரல் கிளம்புகிறது. "எம்புள்ள என்ன, சாவு ஊர்வலத்துல ஊதப் போறானா?" இது முதல் குரல். "அத ஊதுனா நெஞ்சு போயிடும்ங்க." இது இரண்டாவது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல?" இது மூன்றாவது. "நம்மகிட்ட ஏது காசு?" இது நான்காவது. கடைசிக் குரலில் நியாயம் இருக்கிறது. மற்ற மூன்றையும் பேசியே தீர்த்துவிடலாம்.

முதலில் மானத்தைப் பேசுவோம். துக்க வீட்டில் தப்பும் உறுமியும் வேண்டும் என்கிறோம். அடித்து அடித்துக் கை வீங்கிப் போனவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட மட்டும் நமக்கு மனம் வருவதில்லை. இது வாத்தியம் செய்த பாவமா? இல்லை. நம் பாட்டன் முப்பாட்டனோடு கப்பலேறி வந்த சாதி செய்த பாவம். சங்கத்தில் சந்தா வாங்கும்போது யாரிடமும் சாதி கேட்பதில்லை. குழல் ஊதும் பிள்ளையிடம் மட்டும் அதை ஏன் பார்க்க வேண்டும்?

ஆகஸ்டு 31ஆம் நாள் மெர்டேக்கா அணிவகுப்பில் போலீஸ் பேண்டு போகும்போது குடும்பத்தோடு கை தட்டுகிறோம். அவர்கள் ஊதுவதும் இதே ட்ரம்பெட், இதே டிராம்போன்தான். அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. "வெள்ளைக்காரன் வாத்தியம்" என்று தள்ளவும் வழியில்லை. நம் கோயில்களில் தொன்றுதொட்டு ஒலித்த கொம்பும் எக்காளமும்கூட உதட்டை அதிர வைத்து ஊதுகிற உலோகக் குழல்கள்தாம்.

இரண்டாவது, நெஞ்சு. ஊதுவதற்கு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இரண்டு உதட்டையும் சேர்த்து வைத்துத் தேனீ ரீங்காரம் போல அதிர விட்டால், குழல் அதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். விரல் வேலை மூன்றே வால்வு. நடு வால்வை அழுத்தினால் அரை சுரம் இறங்கும், முதல் வால்வுக்கு ஒரு சுரம், மூன்றாவதுக்கு ஒன்றரை. மிச்சமெல்லாம் உதடும் மூச்சும்தான். வயிறு நிறைய மூச்சிழுத்து அளந்து விடப் பழகும் பிள்ளைக்கு நெஞ்சு போகாது. இழுப்பு, குடலிறக்கம் போன்ற கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முன்வரிசையில் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்திருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதில் அது வந்துவிடும். ஆகவே மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் சரியாக இருக்கும். முதலில் கார்னெட் கொடுங்கள். ட்ரம்பெட்டும் கார்னெட்டும் ஒரே நீளக் குழாய்தான், நாலரை அடிக்கு மேல். கார்னெட்டில் அதை நெருக்கிச் சுருட்டியிருப்பதால் சின்னக் கைக்கு அடங்கும். அதில் விரல் பழகிவிட்டால் பிறகு ட்ரம்பெட்டுக்கு மாறுவதும் சுலபம்.

மூன்றாவது, பெண் பிள்ளை. நம் பெண்கள் பால்வாளி சுமந்தார்கள். இன்று செம்பனை உதிரிப்பழ மூட்டை சுமக்கிறார்கள். ஒரு கிலோ கனமுள்ள குழலைத் தூக்கினால் மட்டும் குடும்ப கௌரவம் கெட்டுவிடுமா? இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.

நான்காவது, காசு. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அரிசி, பஸ் காசு, கடைக்கடன் போக மிஞ்சுவது என்ன என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட தகப்பனிடம் "ட்ரம்பெட் வாங்கு" என்று சொல்ல மாட்டோம். குழல் ஒரு வீட்டுச் சொத்தாக இருக்க வேண்டியதில்லை. பொதுச் சொத்தாக இருக்கட்டும்.

இங்கிலாந்துப் பாட்டாளிகள் இப்படித்தான் பேண்டு வளர்த்தார்கள். யார்க்ஷயரில் பிளாக் டைக் கம்பளி ஆலை 1855இல் தன் தொழிலாளர் பேண்டுக்கு வாத்தியம் வாங்கிக் கொடுத்தது. அதே வட்டாரத்தில் கிரைம்தோர்ப் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பேண்டு 1917இல் தொடங்கியது. 1992 அக்டோபரில் அந்தச் சுரங்கத்தை மூடப் போவதாக அறிவித்தார்கள். அதே மாதம் அந்த பேண்டு லண்டனுக்குப் போய்த் தேசியப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. பேண்டு இன்றும் ஊதிக்கொண்டிருக்கிறது.

நமக்கு இது புரியாத கதையா? தோட்டம் துண்டாடப்பட்டது. லயம் இடிந்தது. கோயில் இடம் மாறியது. பள்ளிக்கூடமும் பல இடங்களில் தோட்டத்தை விட்டு வெளியே போனது. ஆனால் பிள்ளை கற்ற வித்தையை எந்தப் புல்டோசரும் தள்ள முடியாது. துண்டாடல் நடந்த அந்தக் காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டத்தையே வாங்கியவர்கள் நம் ஆட்கள். நம்மால் மூன்று கார்னெட் வாங்க முடியாதா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். தோட்டக் கமிட்டி, கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூன்றும் ஒன்றாக உட்காருங்கள். திருவிழாவின் பட்டாசுக் கணக்கிலும் ஒலிபெருக்கிக் கணக்கிலும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். பழைய குழலானாலும் பரவாயில்லை. வால்வு தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாயில் வைக்கும் மௌத்பீஸ் மட்டும் ஆளுக்கொன்று இருக்கட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி வைக்கட்டும். வால்வுக்கு அதற்கென்று விற்கும் எண்ணெய் போடுங்கள். தேங்காய் எண்ணெய் போட்டால் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். போலீசிலோ இராணுவத்திலோ பேண்டு வாசித்து ஓய்வு பெற்றவர் பக்கத்தில் இருந்தால் தேடிப் போய்க் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே வாத்தியம் உள்ள பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டுப் போட்டி நாளுக்கு மட்டும் அலமாரியைத் திறக்காதீர்கள். பூட்டி வைத்த குழலில் வால்வு இறுகிப் போகும். பிள்ளை ஊதிக் கெடுவதைவிட ஊதாமல் கெடுவதுதான் அதிகம்.

முதல் இரண்டு மூன்று மாதம் எருமை கத்துகிற மாதிரிதான் இருக்கும். விடியலில் பெரட்டுக்குப் போய் அலுத்து வந்தவருக்கு எரிச்சல் வரும். மாலையில் சமூக மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் தினம் கால்மணி நேரம் போதும். எத்தனையோ வருடம் பெரட்டு மணியைச் சகித்தவர்கள் நாம். நம் பிள்ளை எழுப்பும் சத்தத்தைக் கொஞ்ச நாள் சகித்துக்கொள்வோம்.

இந்தச் சம்பள நாளன்றே பேச்சைத் தொடங்குங்கள், தோழர்களே!