பிராக்: பீர் நகரமே 'பப் கிரால்' வேண்டாம் என்றது ஏன்?

உலகில் தலைக்கு அதிக பீர் குடிப்பவர்கள் யார்? ஜெர்மானியர்கள் என்று சொன்னால் தப்பு. செக் குடியரசு மக்கள். 30 ஆண்டுகளாக அந்த முதலிடத்தை யாரும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை.

அந்த நாட்டின் தலைநகர் பிராக், 2024 அக்டோபரில் ஒரு முடிவெடுத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, வழிகாட்டி ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பப் பப்பாக அழைத்துச்செல்லும் 'பப் கிரால்' சுற்றுலாவுக்குத் தடை.

அப்படியென்றால் அங்கே போய் பீர் குடிக்க முடியாதா? தாராளமாகக் குடிக்கலாம். பப்கள் திறந்தே இருக்கும். நீங்களும் நண்பர்களும் சொந்தமாக நாலு இடத்துக்குப் போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தடை, அதை வியாபாரமாக நடத்துபவர்களுக்குத்தான்.

நம்ம ஊர்ச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். சிங்கப்பூரில் 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. அது கட்டுப்படுத்துவது பொது இடத்தில் குடிப்பதை. பிராக் கைவைத்திருப்பது, கூட்டம் கூட்டிக் காசு பார்ப்பதில்.

காரணம் சத்தம். 2024-இல் மட்டும் சுமார் 80 லட்சம் பயணிகள் பிராக்கில் தங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்றுவது பழைய நகரப் பகுதியில். அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 30,000 பேர்தான். கல் பதித்த குறுகிய தெரு, இரண்டு பக்கமும் உயரமான கட்டடம். நள்ளிரவில் முப்பது பேர் பாட்டுப் பாடிக்கொண்டு போனால் மேல்மாடியில் இருப்பவர் எப்படித் தூங்குவார்? மறுநாள் அவருக்கும் வேலை இருக்கிறது இல்லையா?

உள்ளூர்க்காரர்களின் பழக்கமும் வேறு. அவர்கள் ஒரே பப்பில் உட்கார்ந்து பேசுவார்கள். வாடிக்கையாக வருபவரை 'ஷ்டாம்காஸ்ட்' என்பார்கள். சில பப்களில் அவருக்கென்றே மேசை உண்டு. ஏறக்குறைய நம்ம காப்பிக்கடை மாதிரி. குவளை காலியானால் கேட்காமலேயே அடுத்தது வந்துவிடும், மேசையில் உள்ள சீட்டில் ஒரு கோடு விழும். போதும் என்றால் குவளையின் மேல் அட்டையை வைத்துவிடுங்கள். அவ்வளவுதான், சிப்பந்தி புரிந்துகொள்வார்.

நுரை அதிகமாக இருக்கிறதே, ஏமாற்றுகிறார்களா என்று கேட்காதீர்கள்! அடர்ந்த நுரை பீரைக் காற்றுபடாமல் காக்கிறது. 'ம்லீகோ' என்று கேட்டால் கிட்டத்தட்ட முழுக் குவளையும் நுரைதான் வரும். சொல்லின் பொருள் 'பால்'. பட்டியலில் உள்ள 10, 12 என்ற எண்களைப் பார்த்தும் பயப்படவேண்டாம். அது போதையின் அளவு இல்லை. புளிக்கவைக்கும் முன் மால்ட் கரைசலில் எவ்வளவு சத்து இருந்தது என்பதைக் காட்டுகிறது. 12 டிகிரி பீரில் ஆல்கஹால் சுமார் 5 விழுக்காடு. ஆனால் ஒரு குவளை அரை லிட்டர், அதை மறக்காதீர்கள். குடித்துவிட்டு வாகனம் ஓட்டும் பேச்சே கிடையாது, அங்கே சட்ட வரம்பு பூஜ்ஜியம்.

இன்று உலகெங்கும் குடிக்கும் தங்கநிற 'பில்ஸ்னர்' பிறந்ததும் இந்த நாட்டில்தான். 1842-இல், பிராக்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள பில்சன் நகரில். அதே பில்ஸ்னர் உர்க்வெல் இப்போது ஜப்பானின் அசாஹி நிறுவனத்துக்குச் சொந்தம்.

எனக்கு இந்தத் தடையில் உறுத்துவது ஒன்று. குடித்துக் கூத்தடிக்க வருபவருக்குப் பதிலாக, பண்பான, கொஞ்சம் வசதியான பயணிகள் வேண்டும் என்றார் அப்போதைய துணை மேயர் யிர்ஷி போஸ்பீஷில். பண்பு சரி. வசதி எதற்கு? முதுகுப் பையோடு வரும் மாணவரும் மெதுவாகப் பேசத் தெரிந்தவர்தானே.

உள்ளூர் பப்களுக்கோ வேறு தலைவலி. 2024 ஜனவரியில் குழாய் பீருக்கான மதிப்புக் கூட்டு வரி 10-லிருந்து 21 விழுக்காடானது. கடையில் போத்தல் வாங்கி வீட்டில் குடிப்பவர்கள் கூடுகிறார்கள். அதனால் பழைய நகரத்தைத் தாண்டி, ஷிஷ்கோவ் போன்ற வட்டாரத்துக்கு டிராமில் போய் உட்காருங்கள். விலை குறைவு. அந்த பப்களுக்கு உங்கள் காசும் தேவைப்படுகிறது.