ரகசியக் காயமும் அரைப்படி நெல்லும்

பாத்திரப் படைப்பு குறித்து நம் இலக்கியச் சூழலில் ஒரு மூடநம்பிக்கை நெடுநாளாக நிலவுகிறது. கொடியவன் ஒருவனைப் படைக்க வேண்டுமா, அவனுக்குள் ஒரு ரகசியக் காயத்தைப் புதைத்து வை. அது வெளிப்படும் கணத்தில் பாத்திரம் 'ஆழம்' பெற்றுவிடும் என்பதே அது. சிறுகதைப் பட்டறைகளில் இன்றும் ஓதப்படும் இந்தப் பாடம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்குத் தஞ்சை மண்ணிலேயே சான்று இருக்கிறது: இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அவர்கள் செய்த குற்றம், கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான். இந்தப் படுகொலையைப் பின்புலமாகக் கொண்டு 1975இல் வெளிவந்த நாவல் 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதில் நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் வன்மத்துக்கு வேராகக் காட்டப்படுவது அவருடைய ஆண்மைக் குறைவு.

வரலாறு திரிக்கப்பட்டது என்று இடதுசாரிகள் கண்டித்தார்கள். நாவல் வரலாற்று ஆவணமன்று என்று மறுதரப்பு பதில் சொன்னது. அந்தப் பதிலை நான் முழுமனதோடு ஏற்கிறேன். எழுத்தாளனின் சுதந்திரத்தில் எனக்கு வழக்கில்லை. என் குற்றச்சாட்டு வேறு: இந்தப் பாத்திரம் கலையாகவே தோற்றுவிட்டது.

காயம் தனிமனிதனுக்குரியது, குடிசைக்குத் தீ வைக்க வந்தது ஒரு கூட்டம். நாயுடுவின் குறை அவரோடு வந்தவர்கள் அனைவருக்கும் இருந்திருக்க முடியாதல்லவா? பிறகு அவர்கள் ஏன் வந்தார்கள்? இந்தக் கேள்விக்கு முன் அந்த உளவியல் வாயடைத்து நிற்கிறது. அதைவிடப் பெரிய கேடு, வாசகனுக்கு அது தரும் நிம்மதி. கொலைகாரன் கோணல் பிறவி, நம்மைப் போன்றவன் அல்லன் என்று அவன் புத்தகத்தை மூடிவிடலாம். பிள்ளைகளைக் கொஞ்சி, விருந்தாளிக்கு இலை போட்டு, களத்தில் அரைப்படிக்கு மட்டும் கை இறுகும் ஒரு சாதாரண மிராசுதாரைப் படைத்திருந்தால் அந்த நிம்மதி கிடைத்திருக்காது.

காயமே இல்லாமல் ஆழம் வருமா என்று கேட்பவர்கள் தி. ஜானகிராமனிடம் போகட்டும். 'அம்மா வந்தாள்' (1966) அலங்காரம் ஏன் அப்படி வாழ்ந்தாள் என்பதற்கு அவர் நோய்க்குறிப்பு எதுவும் எழுதவில்லை. கணவனைக் குறையுள்ளவனாக்கி அவளுக்கு வக்காலத்து வாங்கவுமில்லை. மகனைக் காவிரிக்கரை வேதபாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தன் வாழ்வைத் தொடரும் அவளைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார். விளக்கப்படாததாலேயே அவள் இன்றும் நம்மைத் தொந்தரவு செய்கிறாள்.

ஆனால் ஜானகிராமனின் காவிரி பெரும்பாலும் அக்ரகாரத்துப் படித்துறையோடு நின்றுவிடுகிறது. வயலுக்குள் பாய்வது அரிது. வயலுக்குள் போன 'குருதிப்புன'லோ டெல்லியிலிருந்து வந்த படித்தவர்களான கோபால், சிவா ஆகியோரின் கண் வழியாகவே அதைப் பார்க்கிறது. நடவு நட்டவளின் மனம் இரண்டிலும் மையமாகவில்லை. நிலக்கிழாரின் அந்தரங்கத்தைத் தோண்டச் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கையாவது, கொடியை இறக்க மறுத்தவனின் அன்றைய இரவுக்குச் செலவிட்டிருக்கலாமே!

பாத்திரம் என்பது மறைத்து வைத்த ரகசியமன்று. களத்துமேட்டில் மரக்கால் நிரம்பும்போது அளப்பவனின் கையும், எதிரே துணியை விரித்து நிற்பவளின் கண்ணும் என்ன செய்கின்றன என்பதே பாத்திரம். அதை எழுத உளவியல் நூல் தேவையில்லை. நெல் அளப்பதை நின்று பார்த்திருக்க வேண்டும். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஆனால் அந்த 44 பேரின் சாவுக்கு ஒருவருடைய படுக்கையறையில் காரணம் தேடுவதை இனியாவது 'ஆழம்' என்று அழைக்காதீர்கள்.